ஆன்கி: பள்ளித் தேர்வுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஆன்கி என்பது ஒருபக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலுமாக நாம் எழுதும் கார்டுகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கும் செயலி. அது பாடம் சொல்லித் தராது. புரியாத கணக்கைப் புரியவைக்காது. படித்ததை மறக்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஒரே ஒரு வேலைதான் அதற்குத் தெரியும். அந்த வேலையில் அதற்கு இணையாக இன்னொரு செயலியைச் சொல்வது கடினம். ஆனாலும் பள்ளி மாணவர்களில் பலர் நிறுவிய இரண்டு மூன்று வாரத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். செயலி சரியில்லாமல் அல்ல; கார்டுகளை எழுதிய விதமும் முதல் நாள் கவனிக்காமல் விட்ட நாலைந்து அமைப்புகளும்தான் காரணம். அதனால் இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் அவற்றைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில் அடிப்படை விவரங்கள். டேமியன் எல்ம்ஸ் 2006-இல் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள் இது. ஜப்பானிய மொழியில் இந்தப் பெயருக்கு மனப்பாடம் என்று பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசம். ஆண்ட்ராய்டு கைபேசிக்குத் தன்னார்வலர்கள் பராமரிக்கும் ஆன்கிட்ராய்டு இருக்கிறது, அதுவும் இலவசம். ஐபோனுக்கான ஆன்கிமொபைலுக்கு மட்டும் ஒரு தடவை பணம் கட்டவேண்டும். கட்ட முடியாதவர்கள் ஆன்கிவெப் தளத்தை உலாவியில் திறந்து அதே கார்டுகளைப் படிக்கலாம். ஒரு எச்சரிக்கை: இதே பெயரைச் சற்று மாற்றி வைத்துக்கொண்டு சந்தா கேட்கும் வேறு செயலிகள் செயலிக் கடைகளில் உண்டு. அவற்றுக்கும் ஆன்கிக்கும் தொடர்பில்லை. மேலே சொன்ன பெயர்களை எழுத்து பிசகாமல் பார்த்து இறக்குங்கள்.

இது ஏன் வேலை செய்கிறது?

ஆன்கி வெளிவந்த அதே 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழு ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரே சுற்று படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு சுற்றும் படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: அவர்களுக்கு 83 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61-இல் நின்றார்கள்.

அந்த முதல் ஐந்து நிமிடம்தான் நம்மை ஏமாற்றுகிறது. புத்தகத்தை மூடிய கையோடு எல்லாம் நினைவில் இருப்பதால் பாடம் முடிந்தது என்று அடுத்ததற்குப் போய்விடுகிறோம். டன்லாஸ்கி என்ற உளவியலாளரின் குழுவினர் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது மறுவாசிப்பையும் வரிகளுக்கு வண்ணம் பூசுவதையும் குறைந்த பயனுள்ளவை என்றுதான் வகைப்படுத்தினார்கள். உயர்ந்த பயன் தருபவையாக அவர்கள் வைத்தவை இரண்டே இரண்டு: தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, படிப்பை இடைவெளி விட்டுப் பரப்பிக்கொள்வது. ஆன்கி இந்த இரண்டையும் சேர்த்துச் செய்கிறது.

கார்டின் முன்பக்கத்தில் கேள்வி வரும். மனதுக்குள் பதில் சொல்லிவிட்டுத் திருப்ப வேண்டும். பிறகு அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி என்ற நான்கு பொத்தான்களில் ஒன்று. அதை வைத்து அந்தக் கார்டு அடுத்து எப்போது வரவேண்டும் என்று செயலி முடிவு செய்யும். எஸ்.எம்.-2 என்ற பழைய கணக்கின்படி தொடர்ந்து குட் அழுத்தினால் இடைவெளி சுமார் 1 நாள், 3 நாள், 8 நாள், 20 நாள், 50 நாள் என்று இரண்டரை மடங்காக விரியும். நன்றாகத் தெரிந்தது தள்ளிப் போகும், தடுமாறுவது அடிக்கடி வரும். இன்றைக்கு எதைத் திருப்பிப் பார்ப்பது என்று மாணவர் உட்கார்ந்து யோசிக்கவே வேண்டாம். தேர்வுக் காலத்தில் இது சின்ன உதவி இல்லை.

கார்டு எழுதுவதில்தான் எல்லாம்

ஒளிச்சேர்க்கைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் எழுதும் முதல் கார்டு இப்படித்தான் இருக்கும். முன்பக்கம்: "ஒளிச்சேர்க்கை பற்றி விளக்குக." பின்பக்கம்: பாடநூலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய அரைப் பக்கம். இந்தக் கார்டு வரும்போது ஐந்து குறிப்புகளில் மூன்று நினைவுக்கு வரும், இரண்டு வராது. எந்தப் பொத்தானை அழுத்துவது? குட் அழுத்தினால் வராத இரண்டும் சேர்ந்து இருபது நாள் காணாமல் போகும். அகெய்ன் அழுத்தினால் தெரிந்த மூன்றையும் சேர்த்து மறுபடி சுமக்கவேண்டும். இப்படி முப்பது கார்டு இருந்தால் யாருக்கும் அலுத்துவிடும்.

அதே பாடத்தை இப்படி உடையுங்கள்:

ஒளிச்சேர்க்கை செல்லின் எந்த நுண்ணுறுப்பில் நடக்கிறது? — பசுங்கணிகத்தில்.
ஒளிவினை பசுங்கணிகத்தின் எந்தப் பகுதியில்? — தைலக்காய்டு சவ்வில்.
இருள்வினை எந்தப் பகுதியில்? — ஸ்ட்ரோமாவில்.
வெளியேறும் ஆக்ஸிஜன் எந்த மூலப்பொருளிலிருந்து வருகிறது? — நீரிலிருந்து.
ஒளிவினை இருள்வினைக்குத் தயாரித்துக் கொடுக்கும் இரண்டு பொருட்கள்? — ஏ.டி.பி., என்.ஏ.டி.பி.எச்.
இருள்வினைக்கு நேரடியாக ஒளி தேவையில்லை; ஆனாலும் இருட்டில் அது நீண்ட நேரம் தொடராது. ஏன்? — ஒளிவினையிலிருந்து வரும் ஏ.டி.பி.யும் என்.ஏ.டி.பி.எச்.சும் தீர்ந்துவிடும்.

ஒரு கார்டுக்கு ஒரு பதில், ஆறேழு விநாடிக்குள் முடியவேண்டும். நான்காவது கார்டைக் கவனியுங்கள். கார்பன் டை ஆக்சைடிலிருந்துதான் ஆக்ஸிஜன் வருகிறது என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறையப் பேர். எங்கே தவறு நடக்கும் என்று தெரிகிறதோ அங்கேதான் கார்டு வேண்டும். கடைசிக் கார்டு "ஏன்" என்று கேட்கிறது. துண்டு துண்டாக உடைத்தால் பாடம் சிதறிப்போகும் என்ற பயம் நியாயமானது. பத்துக் கார்டில் குறைந்தது இரண்டு இந்த மாதிரி "ஏன்", "இரண்டுக்கும் என்ன தொடர்பு" என்று கேட்டால் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும்.

வரிசையாக வரும் பட்டியல்கள் தனி வகைத் தொல்லை. மைட்டாசிஸ் நிலைகள் நான்கையும் ஒரே கார்டில் கேட்டால் முதலிரண்டு எப்போதும் வரும், கடைசி இரண்டு எப்போதும் தடுமாறும். "மெட்டாஃபேஸுக்கு அடுத்தது எது?", "டீலோஃபேஸுக்கு முந்தியது எது?", "அனாஃபேஸில் குரோமோசோம்களுக்கு என்ன ஆகிறது?" என்று குறுக்கே வெட்டிக் கேளுங்கள். வரிசை இல்லாத பட்டியல் என்றால் கேள்வியிலேயே எண்ணிக்கையைச் சொல்லிவிடவேண்டும். "காரணங்கள் யாவை" என்பதைவிட "நான்கு காரணங்கள்" என்று கேட்பது நல்லது; மூன்றோடு நின்றுவிட்டால் நமக்கே தெரிந்துவிடும்.

சூத்திரங்களுக்குச் சூத்திரத்தை மட்டும் கேட்டால் போதாது. ஓம் விதிக்கு மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை என்பது ஒரு கார்டு. எந்த நிபந்தனையில் அது செல்லும் என்பது இன்னொன்று. வெப்பநிலை மாறாமல் இருக்கவேண்டும் என்பது பதில். ஒவ்வொரு அளவின் அலகும் தனித்தனிக் கார்டு. சூத்திரம் தெரிந்தும் கணக்கில் கோட்டைவிடுவது பெரும்பாலும் அலகிலும் நிபந்தனையிலும்தான். கணினிப் பதிப்பில் மேத்ஜாக்ஸ் வசதி இருப்பதால் பின்னம், வர்க்கமூலம், வேதிச் சமன்பாடு எல்லாவற்றையும் அச்சில் வருவதுபோல எழுதலாம். கைபேசியில் தட்டச்சு செய்வது சிரமம். கார்டு எழுதுவதைக் கணினியிலும் படிப்பதைக் கைபேசியிலும் வைத்துக்கொள்வது வசதி.

படங்களுக்கு இமேஜ் அக்லூஷன் இருக்கிறது. முன்பு தனியாக ஒட்டுநிரலாகச் சேர்க்கவேண்டியிருந்தது, 2023 அக்டோபரில் வந்த 23.10 பதிப்பிலிருந்து உள்ளேயே வந்துவிட்டது. இதயத்தின் படத்தை ஏற்றி, ஒவ்வொரு பாகத்தின் பெயர் மேலும் ஒரு கட்டம் வரைந்து மூடினால் கட்டத்துக்கு ஒரு கார்டு உருவாகும். எல்லாவற்றையும் மூடி ஒன்றைக் கேட்பது, ஒன்றை மட்டும் மூடிக் கேட்பது என்று இரண்டு விதம் உண்டு. முதல் விதத்தையே தேர்ந்தெடுங்கள். இரண்டாவதில் பக்கத்துப் பெயர்கள் தெரிவதால் மீதி எது என்று கழித்தே கண்டுபிடித்துவிடலாம். தேர்வில் அந்த வசதி கிடையாது.

தவிர்க்கவேண்டிய கார்டுகள் சில. ஆம், இல்லை என்று முடியும் கேள்வி வேண்டாம், பாதி நேரம் ஊகமே சரியாகிவிடும். "நியூட்டன்?" என்று ஒற்றைச் சொல்லில் கேட்காதீர்கள், மூன்று வாரம் கழித்து என்ன கேட்டோம் என்று நமக்கே விளங்காது. புரியாத பாடத்துக்குக் கார்டே போடக்கூடாது. புரியாததை மனப்பாடம் செய்த கார்டு எட்டுத் தடவை, பத்துத் தடவை தவறிக்கொண்டே இருக்கும். ஆன்கி இதைக் கவனித்து, எட்டு முறை தவறிய கார்டுக்கு லீச் என்று குறி வைக்கும். லீச் என்றால் அட்டைப்பூச்சி. நேரத்தை உறிஞ்சுகிறது என்பதால் அந்தப் பெயர். அந்தக் குறி விழுந்த கார்டை இன்னும் நாலு தடவை படிப்பதில் பயனில்லை. பாடநூலைத் திறந்து புரிந்துகொண்டு, கார்டை அழித்துப் புதிதாக இரண்டாக எழுதுங்கள்.

எத்தனை கார்டு போடுவது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பாடத்தை வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத்தாளில் நினைவில் இருப்பதை எழுதுங்கள். எது வரவில்லையோ, எது பிழையாக வந்ததோ அதற்கு மட்டும் கார்டு. ஒரு பாடத்துக்கு 15 முதல் 25 போதும். எல்லா வரியையும் கார்டாக்குபவர்கள் கார்டு செய்வதிலேயே மாதத்தைக் கழித்துவிடுகிறார்கள். எழுதி முடித்ததும் படித்து முடித்த திருப்தி வந்துவிடுகிறது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

மாற்றவேண்டிய அமைப்புகள்

கார்டுகளின் தொகுப்பை ஆன்கி டெக் என்கிறது. நிறுவியவுடன் இருக்கும்படி ஒரு டெக்குக்கு நாளுக்கு 20 புதிய கார்டு வரும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஐந்து பாடத்துக்கு ஐந்து தனி டெக் வைத்தால் அது நாளுக்கு 100. புதிய கார்டு ஒவ்வொன்றும் அடுத்தடுத்த நாட்களில் திரும்பி வருவதால், சில வாரங்களில் தினசரித் திருப்புதல் புதிய கார்டு எண்ணிக்கையைப்போல ஏழெட்டு மடங்கில் வந்து நிற்கும். நாளுக்கு 700 கார்டு யாராலும் ஆகாது. மூன்றாவது வாரத்தில் பலர் விட்டுவிடுவது இந்தக் கூட்டலில்தான். எல்லாப் பாடமும் சேர்த்து நாளுக்கு 10 புதிய கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 முதல் 80 திருப்புதல், கார்டுக்கு எட்டுப் பத்து விநாடி, மொத்தம் கால் மணி நேரத்துக்குள் முடியும். பள்ளி நாட்களில் இதுதான் தாங்கும்.

திருப்புதலுக்கு 200 என்று ஒரு தினசரி உச்சவரம்பும் இருக்கிறது. அதைத் தாண்டிய கார்டுகள் திரையிலேயே வராது. இன்றைக்கு முடிந்தது என்று வாழ்த்துச் செய்தி வரும், உள்ளே நிலுவை குவிந்துகொண்டிருக்கும். இந்த எண்ணை 9999 ஆக்கிவிட்டு, சுமையைப் புதிய கார்டு எண்ணிக்கையில் கட்டுப்படுத்துங்கள்.

எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய திட்டமிடும் முறையும் 23.10 பதிப்பில் வந்ததுதான். டெக் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் இருக்கும், இயக்கிவிடுங்கள். பழைய கணக்கில் ஒரு குறை உண்டு: அகெய்ன் அழுத்தும்போதெல்லாம் அந்தக் கார்டின் இடைவெளியை விரிக்கும் பெருக்கல் எண் 20 விழுக்காட்டுப் புள்ளி இறங்கும். குட் அழுத்தி அதை மேலே ஏற்ற முடியாது. கஷ்டமான கார்டுகள் 130 விழுக்காட்டில் தட்டி நின்று, பிறகு நன்றாகத் தெரிந்துவிட்டாலும் அடிக்கடி வந்துகொண்டே இருக்கும். புதிய முறையில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் டிசையர்டு ரிடென்ஷன் என்று ஒரு எண் கேட்கும், 90 விழுக்காடு என்று இருக்கும். கார்டு திரும்பி வரும் நாளில் அது நினைவிலிருக்க எவ்வளவு வாய்ப்பு வேண்டும் என்பதுதான் அந்த எண். நல்ல மதிப்பெண் வேண்டும் என்று சிலர் அதை 97, 98 என்று ஏற்றுகிறார்கள். 90-லிருந்து 95-க்குப் போனாலே இடைவெளிகள் ஏறத்தாழ பாதியாகும், வேலை இரட்டிக்கும். 90-லேயே விடுங்கள்.

கொஞ்சம் சின்ன விஷயம், ஆனால் இரவில் படிப்பவர்களுக்குத் தேவைப்படும்: ஆன்கியின் நாள் நள்ளிரவில் மாறுவதில்லை, அதிகாலை 4 மணிக்கு மாறும். பன்னிரண்டரை மணிக்கு முடித்தாலும் அது அன்றைய கணக்குத்தான்.

டெக்கைப் பாடத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். அத்தியாயத்துக்கு ஒரு டெக் வேண்டாம். ஒரே அத்தியாயத்தின் கார்டுகள் வரிசையாக வந்தால் முந்தைய கார்டே அடுத்ததற்குக் குறிப்புக் கொடுத்துவிடும். வினாத்தாளில் மூன்றாம் பாடத்துக் கேள்விக்குப் பக்கத்தில் பதினோராம் பாடம் இருக்கும். பயிற்சியும் அப்படிக் கலந்தே இருக்கவேண்டும். அத்தியாயங்களை டேக் போட்டுப் பிரித்து வைத்தால் தேவைப்படும்போது தனியே எடுக்கலாம்.

பொத்தான்களில் நடக்கும் தவறு

பதில் வரவில்லை, ஆனால் திருப்பியதும் "அட, தெரிஞ்சதுதானே" என்று ஹார்ட் அழுத்துவது மிகப் பரவலான பழக்கம். ஆன்கியைப் பொறுத்தவரை ஹார்ட் என்பதும் சரியான விடைதான். கஷ்டப்பட்டு நினைவுக்கு வந்தது என்று பொருள். மறந்த கார்டுக்கு அதை அழுத்தினால் இடைவெளி குறையாமல் கூடும். எஃப்.எஸ்.ஆர்.எஸ். உங்கள் பழைய விடைகளை வைத்தே கணக்குப் போடுவதால், ஒரு மாதம் இப்படிச் செய்தால் எல்லாக் கார்டுகளின் இடைவெளியும் பிசகிவிடும். வரவில்லை என்றால் அகெய்ன், வந்தது என்றால் குட். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டே முழு ஆண்டையும் ஓட்டலாம். எந்தப் பொத்தான் என்று யோசிக்கும் நேரமும் மிச்சம்.

இன்னொன்று, கார்டின் தோற்றமே மனப்பாடமாகிவிடுவது. முதல் இரண்டு சொல்லைப் பார்த்ததும் கேள்வியை முழுதாக வாசிக்காமலே பதில் வாயில் வந்துவிடும். அதே கேள்வி வினாத்தாளில் வேறு சொற்களில் வந்தால் கை நின்றுவிடும். பதிலை உரக்கச் சொல்வதும், வரையறைகளையும் சமன்பாடுகளையும் தாளில் எழுதிவிட்டுத் திருப்புவதும் இதற்கு மருந்து. படிக்கும்போதே கார்டைத் திருத்தும் வசதி இருக்கிறது. அடிக்கடி பயன்படுத்தி, கேள்வியின் வாசகத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

விடையைத் தட்டச்சு செய்து ஒப்பிடும் வசதி தமிழ்வழி மாணவர்களுக்கு அவ்வளவாக உதவாது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால், ஒற்று மிகுந்தாலோ சொற்களைச் சேர்த்து எழுதினாலோ சரியான விடையையும் சிவப்பில் காட்டும். எழுத்துப்பிழை திருத்துவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

தேர்வுத் தேதி ஆன்கிக்குத் தெரியாது

பள்ளித் தேர்வுக்கு ஆன்கியின் பெரிய குறை இதுதான். வாழ்நாள் முழுக்க நினைவில் வைக்கும் நோக்கத்தில் செய்யப்பட்டது. உங்களுக்கோ ஒரு குறிப்பிட்ட நாள் காலையில் எல்லாம் நினைவில் இருக்கவேண்டும். தேர்வுக்கு 18 நாள் இருக்கும்போது ஒரு கார்டு 40 நாள் கழித்து வருவேன் என்று போகும். இதற்குப் பதற வேண்டியதில்லை: 90 விழுக்காடு என்று வைத்திருந்தால் 40-ஆம் நாளில்தான் நினைவு வாய்ப்பு 90-க்கு இறங்கும், 18-ஆம் நாளில் அதைவிட மேலே இருக்கும். உச்ச இடைவெளியை 15 நாள், 20 நாள் என்று வெட்டிவிடச் சொல்லும் யோசனை பரவலாக உண்டு. நன்றாகத் தெரிந்த கார்டுகளெல்லாம் வரிசையில் வந்து நிற்கும், தெரியாததற்கு நேரம் போய்விடும். வேண்டாம்.

நாட்காட்டியை எடுத்துக் கணக்குப் போடுவதே சரி. தேர்வுக்கு 12 வாரம், அதாவது 84 நாள் இருக்கிறது என்று வையுங்கள். கடைசி 14 நாளில் புதிய கார்டு எதுவும் சேர்க்கக்கூடாது. மீதி 70. வாரம் ஒரு நாள் தவறும் என்று விட்டால் 60 நாள். நாளுக்கு 10 வீதம் 600 கார்டு. ஐந்து பாடம் என்றால் பாடத்துக்கு 120 மட்டுமே. இந்த எண் முதலிலேயே கண்முன் இருந்தால் எதைக் கார்டாக்குவது, எதை விடுவது என்று தானாகத் தேர்ந்தெடுப்பீர்கள். புதிய கார்டை நிறுத்தியதும் தினசரித் திருப்புதல் குறைந்துகொண்டே வரும். பழைய வினாத்தாள்களை முழு நேரம் வைத்து எழுதிப் பார்க்கவேண்டிய நாட்களில் நேரம் கிடைப்பது இப்படித்தான்.

கடைசி வாரத்துக்குக் கஸ்டம் ஸ்டடி என்ற வசதி. அதில் மறந்த கார்டுகளை மட்டும் எடுப்பதற்கு ஒரு தேர்வு இருக்கிறது: ஏழு நாள் என்று கொடுத்தால் கடந்த ஏழு நாளில் நீங்கள் அகெய்ன் அழுத்தியவை மட்டும் தனி டெக்காக வரும். தேர்வுக்கு முந்தின நாள் பார்க்கவேண்டியது இந்தப் பட்டியல்தான். இனி வரவிருப்பவற்றை முன்கூட்டிப் பார்க்கும் தேர்வும் உண்டு. தேர்வு நாளுக்குப் பின் ஒரு வாரத்தில் வரவிருப்பவற்றை அதில் இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம். டேக் போட்டு வைத்திருந்தால் குறிப்பிட்ட அத்தியாயங்களை மட்டும் எடுக்கலாம். இந்தக் கட்டத்தில் ரிடென்ஷன் எண்ணை ஏற்றி எல்லாக் கார்டையும் மறுதிட்டமிடச் சொன்னால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

தேர்வுக்குப் பத்தே நாள்தான் இருக்கிறது என்றால் ஆன்கியை இப்போது நிறுவ வேண்டாம். கார்டு செய்யும் நேரத்தை அது திருப்பித் தருவதற்கு நாள் போதாது. செபேடா குழுவினரின் 2008 ஆய்வுப்படி, ஒரு வாரத்தில் தேர்வு என்றால் முதல் படிப்புக்கும் திருப்புதலுக்கும் இடையே தேர்வு வரை உள்ள நாட்களில் 20 முதல் 40 விழுக்காடு இடைவெளி நல்ல பலன் தருகிறது. ஒரு வருடம் என்றால் 5 முதல் 10 விழுக்காடு. ஆக, பத்து நாளுக்கு இடைவெளி இரண்டு முதல் நான்கு நாள். இன்று படித்த பாடத்தை மூன்றாம் நாள் வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள், விட்டுப்போனதை மட்டும் ஆறாம் நாள், பிறகு முந்தின நாள். இதற்குத் தாளும் பேனாவும் போதும்.

ஆன்கி தொடாத பாதி

கணக்குப் பாடத்தில் ஆன்கியை மட்டும் நம்புவது பெரிய தவறு. சூத்திரம் நினைவிலிருப்பதும் எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்று தெரிவதும் வேறு வேறு. கலந்து கொடுத்த கணக்குகளைப் போட்டுத்தான் இரண்டாவது வரும். நெடுவினாக்களும் அப்படியே. குறிப்புகள் நினைவிலிருந்தாலும் பதினைந்து நிமிடத்தில் அவற்றைக் கோத்து எழுதும் பழக்கம் எழுதியே ஆகவேண்டியது.

இரண்டையும் இணைக்க ஒரு நல்ல வழி, மாதிரித் தேர்வில் செய்த பிழைகளை ஆன்கிக்குக் கொண்டுவருவது. திருத்திய தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்கள்: தெரியாது, மறந்தது, கேள்வியைத் தவறாக வாசித்தது, கூட்டல் கழித்தல் பிழை. முதல் வகைக்குப் பாடத்தைப் புரிந்துகொண்ட பிறகு கார்டு. இரண்டாவதற்கு உடனே கார்டு. மூன்றாவதும் நான்காவதும் நினைவாற்றல் பிரச்சினை இல்லை; கேள்வியில் முக்கியச் சொல்லை அடிக்கோடிடுவது, விடையைத் திருப்பிப் போட்டுச் சரிபார்ப்பது என்று வேறு பழக்கம் வேண்டும். கணக்கு தவறினால் முழுக் கணக்கையும் கார்டில் ஏற்றாமல் "இந்த மாதிரிக் கணக்கில் முதல் அடி என்ன, ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். அந்த முதல் அடியில்தான் பெரும்பாலும் தடுக்கும்.

மற்ற குறைகள்

மற்றவர்கள் செய்த டெக்குகள் ஆன்கிவெப்பில் இலவசமாகக் கிடைக்கும். தனிம வரிசை அட்டவணை, சொல்வளம் போன்றவற்றுக்குப் பரவாயில்லை. பாடங்களுக்கு எடுப்பதாக இருந்தால் யோசியுங்கள்: வரிசை உங்கள் பாடத்திட்டத்தோடு ஒத்துவராது, பிழைகளும் இருக்கும். கார்டு எழுதும்போது நடக்கும் பாதிப் படிப்பும் கையைவிட்டுப் போகும்.

தோற்றம் பழசாகத்தான் இருக்கிறது. அமைப்புகள் பக்கத்தைப் பார்த்தால் முதல் தடவை மிரட்சியாக இருக்கும். மேலே சொன்னவற்றைத் தவிர வேறெதையும் தொட வேண்டியதில்லை.

ஒத்திசைவில் மட்டும் கவனம். கணினியிலும் கைபேசியிலும் தனித்தனியாகக் கார்டு சேர்த்துவிட்டு முதல்முறை இணைத்தால், மேலேற்றவா, கீழிறக்கவா என்று ஒரு கேள்வி வரும். எந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கவில்லையோ அந்தப் பக்கத்துக் கார்டுகள் அழியும். நிறுவிய அன்றே, கார்டு எதுவும் செய்வதற்கு முன் ஆன்கிவெப்பில் கணக்குத் தொடங்கி இணைத்துவிட்டால் இந்தக் கேள்வி பெரும்பாலும் வராது. வந்தால், பதில் சொல்வதற்கு முன் இரண்டு பக்கமும் ஏற்றுமதி செய்து ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

உடம்பு சரியில்லாமல் பத்து நாள் விட்டுப்போய் 400 கார்டு நிலுவையில் நின்றால், ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். புதிய கார்டைச் சுழியமாக்கிவிட்டு, திருப்புதல் உச்சவரம்பைத் தற்காலிகமாக 120-க்கு இறக்குங்கள். புதிதாக முறைவரும் கார்டுகளையும் சேர்த்து ஒரு வாரம் போல ஆகும். பிறகு பழைய எண்களுக்குத் திரும்பலாம்.

கைபேசியைக் கையில் எடுத்தாலே வேறெங்கோ போய்விடுகிறது என்பவர்களுக்கு ஆன்கியைப் பரிந்துரைப்பதற்கில்லை. அவர்களுக்கு செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் சொன்ன பெட்டி முறை இருக்கிறது, தேவையானது கெட்டித்தாளில் வெட்டிய அட்டைகளும் ஐந்து அறை உள்ள ஒரு பெட்டியும்தான். புதிய அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு நகரும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை நான்கு நாளுக்கு ஒருமுறை, நான்காவதை வாரம் ஒருமுறை, ஐந்தாவதை இரு வாரத்துக்கு ஒருமுறை எடுங்கள். கார்டு எழுதும் முறை பற்றி மேலே சொன்னது அத்தனையும் இந்த அட்டைகளுக்கும் பொருந்தும்.